தரிப்பிடத்தில் நின்ற குலநாயகம்

சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்து, தலை முழுகி, மூன்று விமானம் மாறி, வடநோர்வேயின் கடைசித் தொங்கலில் கிடக்கிற கோல்வோக் என்ற மீன்பிடி ஊருக்குத் திரும்பி வந்த நாகபூசணி, துறைமுகத் தரிப்பிடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, செத்துப்போன அவளுடைய புருசன் குலநாயகம் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

நீலக் குளிரங்கி, காதை மூடிய கம்பளித் தொப்பி, மீன் ஆலையில் கொடுத்த முழங்கால் சப்பாத்து. கைகளைப் பின்னால் கட்டி, சற்றே முன்னுக்குச் சாய்ந்து, உயிரோடிருந்த காலத்தில் எப்படி நிற்பாரோ அப்படியே நின்றார். அந்தக் குளிரில் நிற்கிற எவருடைய வாயிலிருந்தும் வெள்ளையாகப் புகை கிளம்பும். அவருடைய வாயிலிருந்து கிளம்பவில்லை. அது ஒன்றை வைத்துத்தான் ஆள் செத்தவர் என்று சொல்லலாம்.

நாகபூசணிக்குப் பயம் வரவில்லை. பயப்பட நேரமுள்ளவர்களுக்குத்தான் பயம் வரும். அவளுக்கு வந்தது கோபம்.

“என்னப்பா இது? அவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டிட்டு வாறன், எனக்கு முன்னுக்கு இஞ்சை வந்து நிக்கிறியள்?”

அவர் திரும்பவில்லை. அவர் பார்த்த திசையில் பனி மூடிய தெரு இருந்தது, தெருவுக்கு அப்பால் வெள்ளையடித்த இரண்டு எண்ணெய்த் தாங்கிகள், அதற்கு அப்பால் வலை வைக்கிற சிவப்புக் கொட்டில், அதற்கும் அப்பால் ஒரு கீற்றுக் கடல், கடலுக்கு அங்காலை மரமோ செடியோ ஒன்றுமில்லாத மொட்டை மலை. சூரியன் எழும்பாத மாதம். மத்தியானத்தில்கூட ஊர் முழுக்க ஒரு நீல மங்கல்தான். அதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். செத்த மனிசன் பார்க்க அங்கே என்ன கிடக்கிறது என்று முணுமுணுத்தபடி அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த நாள் கடைக்குப் போகும்போதும் அவர் நின்றார். அதற்கடுத்த நாளும் நின்றார்.

கோல்வோக்கில் மனிசர் குறைவு, குளிர் அதிகம். ஆகவே அங்கே யாரும் எதற்கும் வாயைப் பிளப்பதில்லை. “குலா திரும்பி வந்துவிட்டான்” என்று வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள், கடந்து போகையில் அவருக்குத் தலையசைத்தார்கள். பனி வழிக்கிற வாகனம் அவரருகே வந்ததும் தன் இரும்பு அலகைத் தூக்கி, அவரைச் சுற்றி ஒரு பிறை போல வளைந்து போனது. இருட்டு மாதங்களில் தெருவில் நிற்கிற எவரும் வெளிச்சம் பட்டால் மினுங்குகிற பட்டி கட்டவேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம் என்பதால், நகரசபையிலிருந்து ஒரு பெண் வந்து, “மன்னிக்கவேண்டும்” என்று சொல்லி அவருடைய கையில் ஒரு பட்டியைக் கட்டிவிட்டுப் போனாள். பஸ் ஓட்டுகிற தூருன், தோள் அகன்ற, அதிகம் பேசாத பெண், ஒவ்வொரு முறையும் அவருக்கு நேரே பஸ்ஸை நிறுத்தி, கதவைத் திறந்து, ஏறுவார் என்றால் ஏறட்டும் என்று ஒரு பெருமூச்சு விடுகிற நேரம் பார்த்திருந்து, பிறகு கதவைச் சாத்தினாள்.

தமிழ் ஆட்களுக்குத்தான் அது அவ்வளவு இலகுவாக இருக்கவில்லை. சண்டைக்குத் தப்பி வந்து, மீன் ஆலையில் கொட் மீனை வெட்டி வெட்டி விரல் மரத்துப்போன குடும்பங்கள் அங்கே ஒரு சின்ன மண்டபத்தை நிரப்பக்கூடிய அளவில் இருந்தன. அவர்கள் எல்லாருக்கும் ஒரே ஒரு உடன்பாடு உண்டு. உழைக்கிறது இங்கே, சாம்பல் அங்கே. யார் செத்தாலும் முப்பத்தொன்றாம் நாள் காரியத்துக்கு முதல் சாம்பல் கீரிமலைக்குப் போய்விடவேண்டும். போனவர் திரும்பி வரலாம் என்று எவரும் யோசித்திருக்கவில்லை.

சங்கத் தலைவர் அரியரட்ணம் கூட்டம் கூட்டினார். எதற்கும் கூட்டுவார், இதற்குக் கூட்டாமல் விடுவாரா? பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் கதிரை போட்டு, தொண்டையைச் செருமி, நாகபூசணியைப் பார்த்துச் சொன்னார்:

“தங்கச்சி, குறை நினைக்கக் கூடாது. அங்கை கீரிமலையிலை, ஐயரோடை விலை பேசினனீரோ?”

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. ஏனென்றால் நாகபூசணி விலை பேசாத ஆள் அந்த வட்டாரத்தில் இல்லை. மீன் ஆலை மேற்பார்வையாளனோடு முதல் வருசமே சண்டை பிடித்து வெளியே வந்து, வெள்ளைக்காரர் வீசுகிற மீன் தலையையும் சினையையும் படகுத்துறையில் நின்று வாங்கி, ஒஸ்லோவிலிருக்கிற தமிழ்க் கடைகளுக்கு விற்று முன்னுக்கு வந்தவள் அவள். சொன்ன விலைதான் விலை என்று நம்புகிற ஒரு நாட்டில், படகுக்காரருக்குப் பேரம் பேசப் பழக்கியவள். முதலில் அவர்கள் பயந்தார்கள், பிறகு அவள் வராத நாட்களில் அவர்களுக்கு வேலை சப்பென்று போனது.

“பேசினனான்தான்,” என்றாள் நாகபூசணி. “அந்த ஐயர் சொன்ன விலைக்கு நான் ஐயரையே வாங்கியிருக்கலாம்.”

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள்.

“அப்ப எந்த மந்திரத்தை விட்டவர்?” என்றார் அரியரட்ணம்.

“மந்திரத்தை விடேல்லை அண்ணை. பட்டுவேட்டி தானத்தை விட்டனான். உயிரோடை இருக்கேக்கையே பட்டு உடுத்தாத மனிசன், செத்தாப்போலை பட்டு கேட்டுக்கொண்டே வந்து நிக்கிறார்?”

ஒஸ்லோவிலிருந்த ஐயருக்குத் தொலைபேசி எடுத்து, எல்லாரும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள். ஐயர் எல்லாவற்றையும் கேட்டு, ஆள் குளிருது என்கிறாரா என்று கேட்டார். இல்லை. பசிக்குது என்கிறாரா? அதுவுமில்லை. “அப்ப அவருக்கு ஒரு குறையுமில்லை. குறை உங்களுக்குத்தான்,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்றைக்கு மண்டபத்திலிருந்து வீட்டுக்குப் போனவர்கள், அவரவர் வீட்டில் அவரவர் செத்தவர்களை எண்ணிப் பார்த்தார்கள். அனுப்பினோமே, அவர்கள் அங்கே இருக்கிறார்களா? அல்லது நாங்கள் பார்க்காத ஏதாவது ஒரு மூலையில் இங்கே நிற்கிறார்களா? முதலில் தேட வெளிக்கிட்டவள் பவளம். அவள் நாகபூசணியோடு ஒரே மேசையில் மீன் வெட்டியவள், வாய்க்கு வாய் கொடுக்கக்கூடிய ஒரே ஆள். பவளத்தின் புருசன் செத்துப் பல வருசம். வேலை முடிந்ததும் அவள் ஆலையின் பின்பக்கம், கொடிக்கம்பம், பழைய பனிக்கட்டி அறை என்று ஒவ்வொரு இடமாகப் போய்ப் பார்த்தாள். எங்கும் அவர் நிற்கவில்லை. கடைசியில் தரிப்பிடத்துக்கு வந்து, குலநாயகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கக்கூடிய இடத்தில் பனியைத் தன் சப்பாத்துக் காலால் வழித்துவிட்டாள். ஒவ்வொரு நாளும் வழித்துவிட்டாள்.

“என்னடி செய்யிறாய்?” என்று நாகபூசணி கேட்டாள்.

“வந்தா நிக்க இடம் வேணுமெல்லே.”

“உன்ரை மனிசன் வரமாட்டார். அவருக்கு இஞ்சை ஒண்டும் பிடிக்காது.”

“அப்ப உன்ரை மனிசனுக்கு என்னடி பிடிச்சது?” என்று பவளம் திருப்பிக் கேட்டாள்.

நாகபூசணி பையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு நடந்தாள்.

பிறகுதான் அது தொடங்கியது. உயிரோடிருந்தவர்கள் யோசிக்கத் தொடங்கினார்கள். சாம்பலை எங்கே கரைத்தாலும் கடைசியில் வந்து நிற்கப்போவது இந்த ஊரில்தான் என்றால், எங்கே நிற்பது? காலம் முழுக்க நிற்கப்போகிற இடத்தைப் பார்த்து வைக்கவேண்டாமா? இவ்வளவு காலமும் இந்த ஊரை அவர்கள் ரயில் நிலையத்து வாங்கில் மாதிரித்தான் வைத்திருந்தார்கள். உட்காருவோம், வண்டி வந்தால் எழும்பிப் போவோம், வாங்கிலுக்கு என்ன நிறம் என்று யார் பார்த்தார்கள்? இப்போது குடும்பம் குடும்பமாக வெளிக்கிட்டு, கழுத்தைச் சால்வையால் சுற்றிக்கொண்டு, ஊரை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்கள். இந்த மூலையில் காற்று எப்படி, அந்த மூலையில் வெளிச்சம் எந்தப் பக்கத்தால் விழுகிறது, இங்கே நின்றால் யார் யாருடைய முகம் தெரியும், கடல் கேட்குமா, பள்ளிக்கூடம் விடுகிற சத்தம் கேட்குமா. மீன் ஆலையின் சுவரில் சூட்டுக் காற்றுக் கக்குகிற குழாயடிக்குக் கடும் போட்டி. அரியரட்ணம் நூலகத்து வாசலைத் தெரிவு செய்தார். போகிறவர் வருகிறவர் எல்லாரும் தன்னைக் காணவேண்டும் என்பது அவருடைய எண்ணம். பந்து விளையாடுகிற திடலோரத்து வாங்கிலுக்காக இரண்டு குடும்பங்கள் முகம் முறித்துக்கொண்டன. ஒருவர் இரவோடிரவாக மீன்பெட்டிகளை அடுக்கி எல்லை போட்டார்; மற்றவர் விடியப்புறம் அந்த எல்லையை ஒரு பாதம் தள்ளி வைத்தார்.

“ஊரிலை கிடந்த வேலிச் சண்டையை இவ்வளவு தூரம் காவிக்கொண்டு வந்திட்டியளே,” என்று நாகபூசணி அவர்களைப் பார்த்துச் சிரித்தாள். “செத்தாப் பிறகாவது ஒதுங்கி நில்லுங்கோவன்.”

“உனக்கு எங்கையடி இடம்?” என்றாள் பவளம்.

“எனக்கேன் இடம்? ஈஸ்டருக்கு முதல் நான் போறன்.”

போகத்தான் இருந்தாள். மாவிட்டபுரத்துப் பக்கம் அவள் கட்டின வீடு ஆளில்லாமல் கிடந்தது. மாபிள் தரை, வாசல் படலை, கிணற்றுக் கட்டு, ஒவ்வொன்றையும் தொலைபேசியில் பார்த்துப் பார்த்துக் கட்டியவள். அடுத்த வருசம் போவோம், அடுத்த வருசம் போவோம் என்று குலநாயகம் சொல்லிச் சொல்லியே காலம் போய்விட்டது. ஆளை உயிரோடு கொண்டுபோக முடியவில்லை, சாம்பலாகத்தான் கொண்டுபோனாள். பிறகு இந்த வீட்டை ஒரு இளம் சோடிக்குக் கைமாற்றிவிட்டு, அவர் கரைந்த கடலுக்குப் பக்கத்தில் போய் இருந்துவிடலாம் என்று வந்தால், ஆள் அங்கே இல்லை. இங்கே நிற்கிறார். அவரைப் பஸ் தரிப்பில் விட்டுவிட்டு அவள் அங்கே போய் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறது? அதுதான் அவளைப் பிடித்து ஆட்டியது. கூட்டிக்கொண்டு போகவேண்டும். அதற்கு, அவரை இங்கே கட்டி வைத்திருக்கிறது என்ன என்று கண்டுபிடிக்கவேண்டும். எதிராளி யாரென்று தெரிந்தால் பேரம் பேசலாம்.

முதலில் அவளுக்குத் தூருன் மேலே சந்தேகம் வந்தது. ஒரு வாரம் முழுக்க அந்தப் பெண்ணை முறைத்துப் பார்த்தாள். பவளம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “உன்ரை மனிசன் அவளின்ரை இடுப்புக்குத்தான் வருவார். விசரி!”

பிறகு மலை மேலே சந்தேகம், பிறகு தாங்கி மேலே. அவர் உயரமான ஆளில்லை என்றாலும் அவளைவிட உயரம் என்பதால், ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்து அவர் பக்கத்தில் வைத்து, அதிலே ஏறி நின்று, அவருடைய கண் உயரத்திலிருந்து அவர் பார்க்கிற திசையைப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அதே தெரு, அதே கொட்டில், அதே மொட்டை மலை. அடுத்த நாளும் ஏறி நின்றாள். சந்தையில் ஒவ்வொரு சாமானாகத் தூக்கிக் காட்டிக் கேட்கிற மாதிரி, கண்ணில் பட்டது ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். தலையாட்டினால் போதும், மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள்.

“உந்தத் தாங்கியிலை இரும்புக் கறள் ஒழுகி ஒரு மாட்டுத் தலை மாதிரி இருக்கு. அதையே பாக்கிறியள்?”

அவர் தலையாட்டவில்லை.

“கொட்டில் கூரையிலை கடற்காகம் வரிசையா இருக்கு. ஒண்டு மட்டும் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு. அதோ?”

இல்லை.

“கடல் இண்டைக்கு ஆவி விடுது. கொதிக்கிற சோத்துப் பானை மாதிரி. அதோ, சொல்லுங்கோவன்!”

அவர் பார்த்தபடியே நின்றார். ஆனால் ஒன்று நடந்தது, அதை அவள் கவனிக்கவில்லை. கறளை அவள் அதற்கு முன் கண்டதில்லை. கடல் ஆவி விடுவதையும் கண்டதில்லை. கடைக்குச் சாமான் வாங்க வந்தவன் கடையின் கூரையைப் பார்க்காத மாதிரி, இந்த ஊரில் அவள் கண்டதெல்லாம் மீனும் பெட்டியும்தான். இப்போது, அவரை வழிக்குக் கொண்டுவருவதற்காக, நாளுக்கொரு பொருள் தேடி அவளுடைய கண் அலைந்தது. சூரியன் திரும்பி வந்தது. மலையின் உச்சியில் நகக்கீறல் அளவுக்கு வெளிச்சம் விழுந்தது, பிறகு கைப்பிடி அளவுக்கு விழுந்தது. அதையும் சொன்னாள். அதற்கும் அவர் தலையாட்டவில்லை.

ஈஸ்டர் கிட்டியது. இளம் சோடி வந்து ஜன்னல்களை அளந்துவிட்டுப் போனது. அன்றைக்கு அவளுக்குப் பொறுமை அறுந்தது. கோபத்தில் மீன்பெட்டியைத் தூக்கி அவருக்கு நேர் முன்னால் வைத்து, தாங்கியையும் கொட்டிலையும் மலையையும் தன் உடம்பால் மறைத்து ஏறி நின்றாள். மூக்குக்கு மூக்கு.

“இப்ப என்னைப் பாருங்கோ. என்னை! அப்பிடி என்னதான் கிடக்கு எனக்குப் பின்னாலை?”

அவருடைய கண்கள் திறந்துதான் இருந்தன, ஈரமாக, கறுப்பாக. அந்தக் கண்களுக்குள் அவள் பார்த்தாள். தெரு தெரிந்தது. தாங்கியடியில் தெரு வளைகிற இடம், விமான நிலையத்திலிருந்து பஸ் திரும்பி வருகிற அந்த வளைவு, சின்னதாக, துல்லியமாகத் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. அவருடைய முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் நின்ற அவள் அந்தக் கண்களுக்குள் எங்கேயும் இல்லை.

அவள் பெட்டியை விட்டு இறங்கினாள். அப்போதுதான் பஸ் வந்து நின்றது. தூருன் கதவைத் திறந்து, வழக்கம்போலப் பார்த்திருந்து, வழக்கமில்லாமல் வாயைத் திறந்தாள். அந்த மொழியில் எல்லாரும் எல்லாரையும் நீ என்றுதான் சொல்வார்கள்.

“இவன் உனக்காகத்தான் நிற்கிறான். உனக்குத் தெரியாதா?”

“எனக்காகவா?”

“நீ ஒஸ்லோவுக்குப் போகிற நாளெல்லாம் இப்படித்தான் நிற்பான். நீ எந்த பஸ்ஸில் வருவாய் என்று அவனுக்குத் தெரியாது, ஆகவே முதல் பஸ்ஸுக்கே வந்துவிடுவான். அடுத்ததில் வருவாள் என்று நான் சொல்வேன், சரி என்பான், நிற்பான். இப்போதும் நான் கதவைத் திறக்கையில் இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்க்கிறான். இந்த இருக்கையிலிருந்து எனக்கு அது தெரிகிறது.”

“நான்தான் வந்துவிட்டேனே! தையில் வந்தேனே, உன் பஸ்ஸில்தானே வந்தேன்!”

தூருன் தோளைக் குலுக்கினாள். அவள் பஸ் ஓட்டுகிறவள். அதற்கு மேலே அவளுக்குத் தெரியாது. சொன்னவள் பவளம்தான். பக்கத்து வெறும் இடத்தில் பனியை வழித்துக்கொண்டு, நிமிராமலே சொன்னாள்:

“நீ எப்பையடி வந்தனீ? பெட்டி வந்தது. கயிறு வந்தது. போன் வந்தது, அதுக்குள்ளை உன்ரை மாபிள் தரை வந்தது. நீ வந்து நான் காணேல்லை. அந்த மனிசனும் காணேல்லைப் போலை.”

நாகபூசணி அவளை அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கின கை அப்படியே கீழே வந்தது.

அடுத்த நாள் காலை, வெறும் பையோடு, அவள் விமான நிலையத்துக்குப் போகிற பஸ்ஸில் ஏறினாள். கடைசித் தரிப்பில் இறங்கி, கதவடியில் நின்று, திரும்ப ஏறினாள். தூருன் ஏன் என்று கேட்கவில்லை. எப்போதும் நடுவழியோரமாக, கால்களுக்கிடையில் பெட்டிகளை இடுக்கிக்கொண்டு உட்காருகிறவள், அன்றைக்கு ஜன்னலோரமாக உட்கார்ந்தாள்.

வெள்ளை என்று அவள் நினைத்திருந்த பனி வெள்ளையாக இருக்கவில்லை. நீலம் போட்டு அலசின வேட்டி மாதிரி இருந்தது, மேட்டில் வெயில் பட்ட இடம் கனகாம்பரத்தைக் கசக்கிப் பூசின மாதிரி இருந்தது. உறைந்த குளத்தின் நடுவே ஒருவன் முக்காலியில் உட்கார்ந்து ஓட்டைக்குள் தூண்டில் விட்டுக்கொண்டிருந்தான், தன்னைவிட உலகத்தில் வேறு ஆட்கள் இல்லை என்பது போல. ஆட்டுக்குட்டி உயரத்துக்கு மேல் வளரத் தெரியாத மரங்கள் காற்று போகிற பக்கமாக எல்லாம் ஒன்றாகக் குனிந்திருந்தன. வாலில் கட்டித் தொங்கவிட்ட மீன்கள், அவள் எத்தனையோ தடவை விலை பேசின அதே மீன்கள், பரண்களில் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் ஆடின, சத்தமில்லாமல் ஆடின. கடவுளே, இதெல்லாம் இங்கேயா கிடந்தது என்று அவள் வாய்விட்டுக் கேட்டாள். கேட்ட மாத்திரத்தில் அவளுக்கு இன்னொன்று விளங்கியது.

வந்து சேர்ந்துவிட்டவளுக்காக யார் காத்து நிற்பார்கள்?

“நிப்பாட்டு!” என்று தமிழிலேயே கத்தினாள். தூருனுக்கு விளங்கியது. பஸ் நடுத்தெருவில் நின்றது.

“இங்கே ஒன்றுமில்லையே,” என்றாள் தூருன்.

அவள் இறங்கிப் பனியில் நின்றாள். புருசன் பஸ் தரிப்பில் நிற்கிற பெண்ணை விதவை என்று யார் சொல்லமுடியும்? கடைக்குப் போகையில் ஏசலாம், திரும்பி வருகையில் ஏசலாம். பவளம் அதற்காகத் தன்னிடமுள்ள எல்லாவற்றையும் கொடுப்பாள். இங்கேயே நின்றுவிட்டால், கண்ணை மூடிக்கொண்டு போய் இறங்கினால், அவர் அப்படியே இருப்பார், அந்தக் குளிரில், முதல் பஸ், இரண்டாம் பஸ், ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு. காற்றடித்தது. கொஞ்சம் குறைக்க முடியுமா, பாதிக்குப் பாதி வைக்கலாமா, பார்க்கிற கண்ணும் இருக்கட்டும், நிற்கிற மனிசனும் இருக்கட்டும் என்று கேட்க அவள் சுற்றிப் பார்த்தாள். பனி, மின்கம்பி, மலை. பேரத்துக்கு வருகிற ஆள் அங்கே ஒருவருமில்லை.

அவள் திரும்ப ஏறினாள். கண்ணை மூடவில்லை.

தாங்கியடி வளைவில் பஸ் திரும்பியது. இத்தனை வருசமும் அந்த வளைவு வருகையில் அவள் குனிந்து பெட்டிக் கயிறுகளைச் சரிபார்த்துக்கொண்டிருப்பாள், இறங்குகிற அவசரத்தில். அன்றைக்குத்தான் நிமிர்ந்திருந்தாள். கண்ணாடிக்குள்ளே தரிப்பிடம் வந்தது, அதில் கைகளைப் பின்னால் கட்டி, சற்றே முன்னுக்குச் சாய்ந்து, ஒரு சின்ன மனிசன் நின்றான். தனக்காக ஒருவர் காத்து நிற்பது தூரத்திலிருந்து பார்க்க எப்படியிருக்கும் என்பதை அவள் அன்றைக்குத்தான் கண்டாள். எல்லா முறையும் இங்கேதான் இருந்திருக்கிறது இது. எல்லா முறையும்.

கதவு திறந்தது. அவள் இறங்கினாள். குலநாயகம் அவளைப் பார்த்தார்.

“பஸ் பிந்திட்டுதோ?” என்றார்.

“ஓம்,” என்றாள். “நல்லாப் பிந்திட்டுது.”

அவர் கையை நீட்டிப் பையை வாங்கினார். எடை பார்த்தார். “ஒண்டும் கொண்டு வரேல்லையோ?”

“இல்லையப்பா. நான் மட்டுந்தான்.”

அவர் தலையாட்டினார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, எப்போதும் போல நாலடி முன்னால் நடந்தார். அவள் பின்னால் நடந்தாள், அந்த முதுகை விட்டுக் கண்ணை எடுக்காமல், இமைக்காமல். ஆனால் காற்று பனித்தூளை முகத்தில் அள்ளி அடித்தது, எவராக இருந்தாலும் இமைக்கத்தானே வேண்டும். இமை திறந்தபோது சிவப்புக் கொட்டிலின் மூலையில், மிதிபடாத பனிக்கு மேலே, பை மட்டும் கிடந்தது.

அவள் ஏசினாள். தெருவின் நடுவில் நின்று, தொண்டை கிழிய, அவரையும் அவருடைய தகப்பனையும், ஒரு வார்த்தை சொல்லாமல் நின்று தொலைத்த அந்தக் காலத்தையும், மலையையும் கடலையும் சேர்த்து ஏசினாள். ஜன்னல்கள் திறந்தன, ஒருவரும் வெளியே வரவில்லை. பவளம் மட்டும் தன் வெறும் இடத்தில் நின்றபடி முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். நாளைக்கு அந்த இளம் சோடியிடம் வேறு வீடு பார்க்கச் சொல்லவேண்டும் என்று ஏசுகிற வாயோடேயே நாகபூசணிக்கு நினைவு வந்தது. சண்டை பிடிக்கமாட்டார்கள், சரி என்று சொல்லிவிட்டுப் போவார்கள், அந்தச் சனத்தோடு அதுதான் கரைச்சல்.

குரல் உடைந்து நின்றபோதுதான் கவனித்தாள். பஸ் போகவில்லை. தூருன் இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கி, கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு, கொஞ்சம் தள்ளி நின்றாள்.

நாகபூசணி மூக்கைத் துடைத்தாள். கடலுக்கு அப்பாலிருந்த மொட்டை மலையைக் கையால் காட்டினாள்.

“அதற்கு என்ன பெயர்?”

தூருன் சொன்னாள். அது நீளமான, கரடுமுரடான பெயர், வாய்க்குள் புரளவில்லை.

“இன்னொரு தரம் சொல்,” என்றாள் நாகபூசணி, கோபமாக. “மெதுவாகச் சொல்.”